நாற்பத்தொரு விநாடி

பக்குரங்காவில் இருந்த அந்தப் பார்சல் கம்பெனியில் தினமும் மூன்று மணிக்கு மேல் எல்லாத் திரைகளும் ஒருமுறை உறைந்துபோகும். அதைச் சரிசெய்யத்தான் 1997இல் ராகவியை மூன்று மாதத்துக்கு எடுத்தார்கள். சென்னையிலிருந்து தனியாக இந்த வெளிநாட்டு நகரத்துக்கு வந்தவள். லின்ஃபீல்டில் ஒரு வாடகை அறை. வார இறுதிகளில் கடைக்காரரிடம் சொல்லும் 'தேங்க்யூ'வைத் தவிர வாய் திறக்க வேலையில்லை.

டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு தேடலும் எதைத் தேடுகிறது, எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது, எத்தனை விநாடி எடுக்கிறது என்று ஒரு ஃபைலில் பதிந்துவைக்கும்படி சின்ன புரோகிராம் எழுதினாள். எல்லாமே ஒன்று, இரண்டு விநாடிதான். மூன்று பத்துக்கு வந்த ஒரு தேடல் மட்டும் நாற்பத்தொரு விநாடி. பார்சல் அனுப்பியவர் பெயர் குலசிங்கம் என்று தேடப்பட்டிருந்தது. தேதி கொடுக்காததால் ஏழு வருடப் பார்சல்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டியிருந்தது. மறுநாளும் அதே பெயர், அதே நேரம்.

இரண்டும் வந்தது லேபிள் பிரிவுக் கம்ப்யூட்டரிலிருந்து. மூன்றாம் நாள் ராகவி அங்கே போய் நின்றாள். எல்லோரும் டீ குடிக்கப் போயிருக்க, ஐம்பது வயதுப் பெண்ணொருவர் திரையைப் பார்த்தபடி இருந்தார். சட்டையில் குத்தியிருந்த பெயரட்டையில் யோகராணி என்று இருந்தது.

"அக்கா, குலசிங்கம் யாரு?"

தமிழைக் கேட்டு அவர் திடுக்கிட்டார். "என்ர அவர். தொண்ணூத்தஞ்சில ஊரிலயிருந்து கடைசிக் கடிதம். கலியாணப் படங்களைப் பார்சலில அனுப்புறன் எண்டு எழுதினவர்." பிறகு குரல் தாழ்ந்தது. "என்னை வேலையால நிப்பாட்டிப் போடுவினமோ?"

"இல்லக்கா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

எந்தத் தேடலால் திரைகள் உறைகின்றனவோ அதைத் தடுத்துவிடு என்றுதான் மேனேஜர் சொல்லியிருந்தார். ராகவி தடுக்கவில்லை. எல்லாவற்றையும் புரட்டாமல் பெயரை நேராக எடுத்துக்கொடுக்கும் ஒரு இன்டெக்ஸ் போட்டாள். திரைகள் உறைவது நின்றது. மேனேஜருக்கு மகிழ்ச்சி.

"இப்ப ஒரு விநாடிகூட ஆகாதுக்கா" என்று யோகராணியிடம் போய்ச் சொன்னாள்.

"ஓம், கண்டனான்." யோகராணி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "முந்தி அது தேடுற நேரம் முழுக்க, இண்டைக்கு வந்திருக்கும் எண்டு நினைச்சுக்கொண்டிருப்பன். இப்ப உடனே இல்லையெண்டுது."

ராகவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சனிக்கிழமை என்ன பண்ணுவீங்க?"

"பாபடோயிட்டோயில இருக்கிற சந்தையில மரக்கறி வாங்கப் போவன்."

"நானும் வரட்டுமா?"

"பஸ் மாற வேணும், பிள்ளை."

"பரவாயில்லக்கா."

போனார்கள். பாதி வழியில் பஸ் மாறினார்கள். அதன் பிறகுதான் யோகராணி தன் கணவரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.