டானியலின் கதிரை

காலியாகியிருக்கும் இடம் இதற்கு முன் யாருடையதாக இருந்தது என்று எவரும் கேட்பதில்லை. கொழும்பு கொட்டாஞ்சேனைத் தேவாலய மண்டபத்தில், ஞாயிறுதோறும் இரண்டாம் பூசை முடிந்த பின் வாசிக்கப்பட்ட வேலைப்பட்டியலுக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான்; அதை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. பதவி, வேண்டிய மொழிகள், விண்ணப்பிக்கும் கடைசித் திகதி ஆகியவற்றைக் கொன்ஸ்ரன்ஸ் வாசிப்பாள். மடியில் கொப்பியை விரித்தவர்கள் எழுதிக்கொள்வார்கள். பிரதிகள் அன்று மாலையே வெள்ளவத்தைக்கும் போய்விடும்.

பட்டியலில் இருந்தவை கணினி நிறுவனங்களின் வேலைகள். ஆனால் கணினி படித்தவர்களுக்கானவை அல்ல. வரவேற்பு மேசை, கணக்குப் பிரிவு, மொழிபெயர்ப்பு, உணவுச்சாலை மேற்பார்வை, வெளிநாட்டு வாடிக்கையாளரின் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுதல். இவை பத்திரிகைகளில் வருவதில்லை; உள்ளே இருப்பவர் தமக்குத் தெரிந்தவரிடம் சொல்வதாலேயே நிரம்பிவிடுபவை. அந்த உள்வீட்டுச் செய்தி தன் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர்களுக்கும் எட்ட வேண்டும் என்பதற்காகவே, துறைமுகத்தருகே கப்பல் முகவர் அலுவலகமொன்றில் எழுதுநராக இருந்த கொன்ஸ்ரன்ஸ் மூன்று ஆண்டுகளுக்கு முன் இதைத் தொடங்கினாள். நாற்பத்துமூன்று பேர் வேலை பெற்றிருந்தார்கள். தகவல்களில் பாதி ஸ்ரனிஸ்லாஸ் கொண்டுவருபவை. அவன் அத்தகைய நிறுவனமொன்றின் ஆளணிப் பிரிவில் இருந்தான். "புரோகிராம் எழுதுறவனுக்குக் காய்ச்சல் வந்தா ஒருத்தருக்கும் தெரியாதக்கா," என்பான். "தேத்தண்ணி ஊத்துறவருக்கு வந்தாத்தான் கம்பனியே படுத்திடும்."

போர் திரும்பியிருந்த இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில், ஆட்கள் காணாமற்போகப் போக, பட்டியல் நீளத் தொடங்கியது. முன்பிருந்தவர் செய்த வேலைகளைப் பார்த்தே நிறுவனங்கள் தகைமைகளை வகுத்தன. ஆதலால் ஒவ்வோர் அறிவித்தலும் விலகிப்போன ஒரு மனிதரைச் சுற்றி வரைந்த கோடாக இருந்தது. 'தொழில் திணைக்களத்தோடு சிங்களத்திலும், கிராண்ட்பாஸ் அச்சகத்தோடு தமிழிலும் பேசத் தெரிந்தவர்' என்று கொன்ஸ்ரன்ஸ் தட்டச்சுச் செய்தபோது, ஆவணி வரை மண்டபத்தின் ஐந்தாம் வரிசையில் அமர்ந்திருந்த முகமொன்று அந்த வரிக்குள் வந்து பொருந்தியது. அவள் தட்டச்சை நிறுத்தவில்லை. "இப்ப நல்லா வேலை வருது, என்ன அக்கா?" என்று ஒருவர் மகிழ்ச்சியோடு கேட்டபோது, ஓம் என்று தலையசைத்தாள்.

மார்கழி முதல் வியாழனன்று ஸ்ரனிஸ்லாஸ் அனுப்பிய உறையில் பதினொரு இடங்கள் இருந்தன. கடைசியானது அவனுடைய நிறுவனத்திலேயே மின்னஞ்சல் பதிலாளர் பதவி. 'டானியல் என்ற பெயரில் கையொப்பமிடச் சம்மதிக்க வேண்டும்' என்பது அதன் இறுதித் தகைமை. வெளிநாட்டவரின் வாய்க்கு இலகுவான அந்தப் பெயர் ஆளுக்கு உரியதல்ல, கதிரைக்கு உரியது. எவர் அமர்ந்தாலும் அவர் டானியல். இரண்டு ஆண்டுகளாக டானியலாக இருந்தவர், அதே பங்கைச் சேர்ந்த மேபலின் கணவர் கிளெமென்ற். ஐப்பசி ஒன்பதாந் திகதி பிற்பகல் இரண்டரை மணிக்கு, வேலைக்கு ஏற்றிச்செல்ல வந்த வெள்ளை வானில் அவர் ஏறியதை மேபல் மாடி யன்னலிலிருந்து பார்த்தாள். கம்பனியின் வெள்ளை வான் இரண்டே முக்காலுக்கு வந்து, ஹோர்ன் அடித்துக் காத்து நின்றது.

மண்டபத்தில் முதன்முறையாக அதைக் கேட்க வேண்டிய நிலை மேபலுக்கு வரக்கூடாது என்று, சனிக்கிழமை காலை கொன்ஸ்ரன்ஸ் அவளிடம் போனாள். மேபல் தாளை வாசித்தாள். பின்னர் அலுமாரிக்குள்ளிருந்து வேறு தாள்களை எடுத்து வந்தாள். கணவரின் அலுவலக மின்னஞ்சல் முகவரிக்கு அவள் அனுப்பிய கடிதங்களும் அவற்றுக்கு வந்த பதில்களும் அச்சிடப்பட்டிருந்தன. எங்கே இருக்கிறீர்கள் என்று முதற்கடிதத்தில் கேட்டிருந்தாள். 'அன்புள்ள மேபல், உங்கள் செய்தி கிடைத்தது. ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறேன். டானியல்.' சாப்பிட்டீர்களா என்று இரண்டாவதில் கேட்டிருந்தாள். 'அன்புள்ள மேபல், மேலும் உதவுவதற்கு உங்கள் வாடிக்கையாளர் இலக்கத்தைத் தெரிவிக்கவும். டானியல்.'

"கம்பனிக்காரர் ஒரு கடிதம் தந்தவை," என்றாள் மேபல். "அறிவிக்காமல் வேலையை விட்டிட்டுப் போனவராம். பொலிசில அதைப் பாத்திட்டுச் சொல்லுகினம், தானாப் போன ஆளை எங்க தேடுறது எண்டு."

"நான் பதினோராவதை வாசிக்காமல் விடட்டோ?"

"வேண்டாமக்கா. வேலை இல்லாமல் எத்தினை பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்குதுகள். வாசியுங்கோ. ஆனா அவரின்ட பேரைச் சொல்லி வாசியுங்கோ. பேசாமல் எங்கட ஆக்களும் எழுதிக்கொண்டு போனா, அவர் விட்டிட்டுப் போனதாத்தானே ஆகிடும்."

கொன்ஸ்ரன்ஸ் தாளை மடித்து எடுத்துக்கொண்டாள். படியிறங்கிப் போனாள்.

ஞாயிறன்று மண்டப வாசலில் ஸ்ரனிஸ்லாஸ் நின்றான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"பேரொண்டும் வேண்டாமக்கா. அங்க எங்கட ஆக்கள் பதினேழு பேர் இருக்கினம். இது கம்பனிக் காதுக்குப் போனா, பட்டியலும் இல்லை, அவையளும் இல்லை."

"இப்ப டானியலா ஆர் எழுதுறது?"

அவன் வீதியைப் பார்த்தான். "ஆள் எடுக்கும் வரைக்கும்... நான்தான்."

"அப்ப மேபலுக்கு?"

"பதில் எல்லாம் முதலே எழுதி வச்சிருக்கக்கா. அதில ஒண்டைத் தெரிஞ்சு அனுப்பலாம், அவ்வளவுதான். மேல இருக்கிறவை எல்லாத்தையும் வாசிக்கினம்." குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டிருந்தா. அண்டைக்கு என்னாலை சாப்பிடேலாமல் போச்சு."

உள்ளே எழுபது பேர் வரையில் இருந்தார்கள். மேபல் ஓரமாக, கொப்பி இல்லாமல் அமர்ந்திருந்தாள். கொன்ஸ்ரன்ஸ் முதலாம் இடத்திலிருந்து பத்தாம் இடம் வரை வழக்கமான குரலில் வாசித்தாள். தாளில் பேனாக்கள் உரசும் ஓசை ஒரே சீராக மண்டபத்தை நிரப்பியது. இத்தனை ஞாயிறுகளில் அந்த ஓசையைத் தான் ஒரு பொழுதும் கேட்டதில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. எதையோ பொறுமையாகச் சுரண்டி எடுப்பது போலிருந்தது அது. பதினோராவதைப் பெயரில்லாமல் வாசித்தால் அந்த ஓசை தடங்கலின்றித் தொடரும். அடுத்த மாதம் இங்குள்ள ஒரு பிள்ளை போய் அமரும். மேபல் எழுதும் கடிதத்துக்கு டானியல் பதில் அனுப்புவார். பெயரோடு வாசித்தால் என்ன நேரும் என்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வாசற்கதவில் சாய்ந்திருந்த ஸ்ரனிஸ்லாஸ் கண்களைத் தாழ்த்திக்கொண்டான்.

"பதினோராவது, மின்னஞ்சல் பதிலாளர். ஆங்கிலம் நல்லா எழுதத் தெரிய வேணும். கடைசித் திகதி மார்கழி இருபது." அவள் தாளை இறக்கினாள். "இது கிளெமென்ற் இருந்த இடம். அவர் வேலையை விட்டிட்டுப் போகேல்லை. ஐப்பசி ஒன்பதாந் திகதி வேலைக்கெண்டு வெளிக்கிட்டவர், இன்னும் வந்து சேரேல்லை. விண்ணப்பம் போடுற ஆக்கள் இதையும் எழுதிக்கொள்ளுங்கோ."

பேனாக்கள் நின்றன. யாரோ எழுந்து வீதிப்பக்க யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். கொக்கிகள் விழும் சத்தம் மட்டும் கேட்டது. கொன்ஸ்ரன்ஸ் தாளைத் திரும்பவும் உயர்த்தினாள்.

"இனி முதலாவதுக்கு வாறன். வரவேற்பு மேசை, மூண்டு மொழியும் தெரிய வேணும். இது ஆர் இருந்த இடம்? தெரிஞ்ச ஆக்கள் எழும்பிச் சொல்லுங்கோ."

அரையிருட்டில், பின்வரிசையில் எங்கோ ஒரு கதிரை சீமெந்துத் தரையில் பின்னுக்கு நகர்ந்தது.