நீதிபதி அறையில் இருபதாவது ஆள்

இருபது பேர் உள்ளே போனார்கள். பத்தொன்பது பேர்தான் வெளியே வந்தார்கள். இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை.

அந்தக் கட்டடம் முதலில் அரண்மனை. மன்னர் குடும்பம் ஓய்ந்தபின் நூறு வருடம் நீதிமன்றம். இப்போது வட்டாரத்தின் பாரம்பரியச் சின்னம். அதாவது, ஓர் ஆணி அடிக்க மூன்று கையெழுத்து வேண்டும், குழாயில் தண்ணீர் வர எத்தனை கையெழுத்து என்று இன்னும் முடிவாகவில்லை. அதைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி அம்மாவுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘விளக்கவுரை’. சன்னல் ஏன் இவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்டால் வெயில், காற்று, மன்னரின் பகல் தூக்கம் என்று அரை மணி நேரம் பிடித்துக்கொள்வார். கேட்காவிட்டாலும் பிடித்துக்கொள்வார்.

காணாமல் போகிறவர் கிடைக்காமல் போவதில்லை. நீதிமன்றக் கூடத்தை ஒட்டிய நீதிபதியின் ஓய்வறைக்குள் நின்று கதவைத் தட்டுவார். அந்த அறைக்குத் தெரிந்த கதவு ஒன்றே ஒன்று, தாழ்வாரப் பக்கம். அதில் பூட்டு, சாவி காவலாளியின் இடுப்பில். பூட்டிய அறைக்குள் எப்படிப் போனீர்கள் என்று கேட்டால் மழுப்புவார். முதலில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அடுத்து ஒரு வக்கீல், இன்று காலை ஒரு புதுமாப்பிள்ளை.

“எப்படியோ வந்துட்டேங்க,” என்றார் மாப்பிள்ளை, தரையைப் பார்த்துக்கொண்டு.

“வீட்லயும் இப்படித்தான். பாத்திரம் கழுவுற நேரத்துல ஆளைப் பாக்க முடியாது,” என்றாள் மனைவி.

விளக்கவுரை அந்த அறைச் சுவர்களைத் தட்டித் தடவிப் பார்த்தார். நான்கிலும் மரப்பலகை, ஒரு கைப்பிடிகூடக் கிடையாது. தொல்லியல் துறையின் கையேட்டைப் புரட்டினார். பலகை எந்தக் காட்டு மரம், எந்த ராணிக்குப் பிடித்த நிறம் என்று பதினோரு பக்கம். பலகை என்ன வேலை செய்கிறது என்று ஒரு வரி இல்லை.

கட்டடத்தின் கண்காணிப்பாளர் அவரைக் கூப்பிட்டு, புகார்க் கடிதங்களை விசிறிபோல விரித்தார்.

“ஏம்மா, சனங்க வரலாறு பாக்க வர்றாங்க. அவங்களே வரலாறாயிடக் கூடாதுல்ல? மத்தியானக் குழு வெளிய வரும்போது நானே நின்னு எண்ணுவேன். ஒண்ணு குறைஞ்சாலும் நாளையிலேருந்து நீங்க பை வைக்கிற ரூமுக்கு.”

“அங்க யாருகிட்ட சார் பேசறது?”

“அதுக்காகத்தாம்மா.”

பைகள் கேள்வி கேட்காது. விளக்கவுரை நிதானமாக யோசித்தார். மாடிப்படியில் எண்ணினால் இருபது. கூடத்துக்குள் நுழையும்போது இருபது. வெளியேறும்போது பத்தொன்பது. கூடத்தில் நடப்பதோ கூரையைப் பற்றிய அவரது உரை மட்டுமே. குழிந்த கூரை நீதிபதியின் குரலைக் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்க்கும். அவருக்குக் கத்த வேண்டிய அவசியமில்லை, மற்றவர்களுக்கு அனுமதியில்லை. அதைச் சொல்லும் நான்கு நிமிடமும் விளக்கவுரையும் அண்ணாந்தே நிற்பார். அப்போது கீழே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

மத்தியானம், “எல்லாரும் மேல பாருங்க,” என்றார். தான் மட்டும் கீழே பார்த்தார்.

பத்தொன்பது தாடைகள் உயர்ந்தன. ஒரு வங்கி மேலாளர் மட்டும் பூனைபோல மேடையேறி, ‘அமரக் கூடாது’ என்ற அட்டையைத் தாண்டி, நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தார். யாருக்கோ ஆயுள் தண்டனை கொடுக்கிற முகத்தோடு கைப்பேசியை நீட்டித் தன்னைப் படமெடுத்துக்கொண்டார்.

“அவ்வளவுதாங்க,” என்று உரையைச் சட்டென முடித்தார் விளக்கவுரை.

மேலாளர் துள்ளி எழுந்தார். முன்னால் இறங்கினால் ஊர் பார்க்கும். ஒன்றுமறியாதவர்போலப் பின்வாங்கி, நாற்காலிக்குப் பின்னாலிருந்த பலகைச் சுவரில் சாய்ந்தார். சுவர் சத்தமில்லாமல் திறந்து அவரை வாங்கிக்கொண்டு, மூடத் தொடங்கியது. விளக்கவுரை ஓடிப்போய் இடுக்கில் காலை நுழைத்தார்.

“வெளிய வாங்க சார்.”

“சும்மா பலகையைப் பாத்துட்டிருந்தேம்மா.”

“உக்காந்துக்கிட்டா?”

“ஆபீஸ்ல இருக்கிற நாற்காலி பத்தலையா உங்களுக்கு?” என்று கீழேயிருந்து அவர் மனைவி கேட்டாள். கூரை அதைக் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

கால் வலித்தாலும் விளக்கவுரைக்கு உற்சாகம் தாங்கவில்லை. அந்தக் காலத்தில் நீதிபதி தாழ்வாரம் வழியாக வருவார், எல்லோரும் எழுந்து நிற்பார்கள். தீர்ப்பைச் சொன்னதும் தோற்றவன் கையில் சிக்காமல் இந்தக் கதவை முதுகால் தள்ளிப் போய்விடுவார். சுருள்வில் அதைத் தானே மூடும். அவர் திரும்பி வருவதில்லை என்பதால் உள்பக்கம் கைப்பிடி இல்லை. பல வருடம் இறுகிக் கிடந்த கீலுக்குப் போன வாரம்தான் விடிவு: துறை ஆட்கள் பலகைக்குப் பூசிய எண்ணெய் அதற்குள்ளும் இறங்கியிருக்கிறது.

வாசலில் கண்காணிப்பாளர் இரண்டு முறை எண்ணினார். “இருபது இருக்கே,” என்றார், ஏதோ நஷ்டப்பட்டவர்போல. விஷயத்தைக் கேட்டதும், “ஆணியடிச்சு மூடிருவோம்,” என்றார்.

“மூணு கையெழுத்து சார்.”

“கயிறு கட்டுவோம்.”

“அட்டையைத் தாண்டுறவங்க கயிறைத் தாண்ட மாட்டாங்களா? உக்காந்ததால யாரும் மாட்டல சார். உக்காந்தது தெரியக் கூடாதுன்னு பின்னால நகர்ந்துதான் மாட்டினாங்க. பேசாம உக்கார விட்டுருவோம்.”

“அது பாரம்பரிய நாற்காலிம்மா!”

“போன வருஷம் நீங்கதான சார் கடைத்தெருவுல வாங்கினீங்க?”

மறுநாள் காலை அட்டையை எடுத்துவிட்டார்கள். கூடத்துக்குள் வந்ததும் ஒவ்வொருவராக நீதிபதி நாற்காலியில் உட்காரலாம். படத்தை வழிகாட்டியே எடுப்பார். எடுத்ததும் முன்பக்கமாக இறங்க வேண்டும். கூரை அதற்குப் பிறகு.