அறுத்துப் போட்ட குழாய்

அமெரிக்காவின் துல்சா நகரில் அந்த வாரம் உறைபனி. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் பிளம்பர் க்ளெண்டா ப்ரூயிட் முதியோர் இல்லத்தின் நிலவறையில், பனியில் வெடித்த குழாயை அறுத்து எடுத்துவிட்டாள். புதுசைப் பற்றவைக்க வேண்டியதுதான் பாக்கி. மாடியில் நாற்பது பேர் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காத்திருந்தார்கள்.

போன் அடித்தது. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் லார்னா.

"வேலையிலயா இருக்க? கையில இருக்கறதக் கீழ வை. உன் தொழில் பாலிசி வெள்ளிக்கிழமையே முடிஞ்சு போச்சு. நோட்டீஸ உன் பழைய வீட்டுக்கு அனுப்பித் தொலைச்சிருக்காங்க. அது போனா லைசென்ஸும் தானா நின்னுடும், தெரியுமில்ல?"

க்ளெண்டா கையிலிருந்த கேஸ் பர்னரைக் கீழே வைத்தாள். வீடு மாறியபோது லைசென்ஸ் வாரியத்துக்கு எழுதியிருந்தாள். இன்சூரன்ஸ்காரர்களுக்கு எழுத மறந்திருந்தாள்.

"இப்பவே புதுசு போட்டுட்டா?"

"போடலாம். வாரியம் ஏத்துக்க நாளாகும். பழைய தேதி போட்டுக் குடுன்னு மட்டும் கேட்காத. எனக்கும் பொழப்பு இருக்கு."

போனை வைத்தாள். இருபது நிமிஷ வேலை. யாருக்குத் தெரியப்போகிறது? பர்னரை மறுபடி கையில் எடுத்தாள். குழாய்க்குப் பின்னால் காய்ந்த மரச்சட்டம். ஒரு பொறி பட்டால்? இன்சூரன்ஸும் இல்லை. மேலே இருப்பதோ எழுந்து நடக்கக்கூட முடியாதவர்கள். பர்னரைக் கீழே வைத்துவிட்டு, இந்த இல்லத்தின் குழாய் வேலைக்கு அவளோடு போட்டி போட்டுத் தோற்ற பிளம்பர் கர்ட்டிஸ் மேடாக்ஸைக் கூப்பிட்டாள்.

"மகாராணிக்கு என் நம்பரெல்லாம் தெரியுமா?"

"லைசென்ஸ் நின்னு போச்சு, கர்ட்டிஸ். குழாய அறுத்துட்டேன். வந்து முடிச்சுக் குடு."

"அறுத்ததுக்கப்புறமா பார்த்த? பலே ஆளு!"

"திட்டறத வந்து திட்டு. இங்க தண்ணி இல்ல."

இல்லத்து மேலாளர் ஹாஸ்கல் மேடத்திடம் அவளே போய்ச் சொன்னாள். அந்த அம்மாள் முகம் வெளிறிப்போனது.

"அப்போ சனிக்கிழமை சமையலறையில ஒரு குழாய் போட்டீங்களே, அது?"

"அதுவும் லைசென்ஸ் இல்லாம செஞ்சதுதான் மேடம். அதையும் கர்ட்டிஸ் பார்க்கட்டும்."

கர்ட்டிஸ் வந்து குழாயைப் பற்றவைத்தான். பிறகு சமையலறைக் குழாயில் அழுத்தம் ஏற்றி, அளவுமானியைப் பார்த்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்தான். க்ளெண்டா எதையும் தொடாமல், கைகளைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு நின்றாள். முள் சற்றே ஆடியபோது ஓரடி முன்னால் வந்து பார்த்தாள். ஆடிய முள் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

"கெட்டியாத்தான் போட்டிருக்க, கிராதகி," என்றான். "வாரியத்துக்கு நடந்தத நீயே எழுதிடு. நான் எழுதினா நல்லா இருக்காது."

அன்று மத்தியானமே புதுப் பாலிசி போட்டு, வாரியத்துக்கும் எழுதிவிட்டாள். பதினோரு நாள் தபால்காரனின் காலடிச் சத்தம் கேட்டாலே திடுக்கிட்டாள். பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது: கண்டனம், கூடவே திரும்பக் கிடைத்த லைசென்ஸ். இல்லத்தின் மற்ற வேலைகளெல்லாம் கர்ட்டிஸுக்குப் போய்விட்டன. அவள் குறை சொல்லவில்லை.