ஏழு விரல் இடக்கை

விபத்து நடந்த மூன்றாம் நாள் காலையில் மரப்பட்டறை முதலாளியின் இடக்கையில், சுண்டுவிரலுக்குப் பக்கத்தில், புதிதாக இரண்டு விரல்கள் இருந்தன. முளைத்தன என்று சொல்ல முடியாது. முளைத்தவை என்றால் பிஞ்சாக அல்லவா இருக்க வேண்டும்? இவை நகத்தில் மரப் பாலிஷ் கறையும் கணுவில் பழைய தழும்புமாக நன்றாக உழைத்த விரல்கள். டாக்டர் மடக்கச் சொன்னார், மடங்கின. வலி இல்லையென்றால் போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். மனைவிதான் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என் தம்பி விரலாச்சே" என்றாள். அன்றுமுதல் நகம் வெட்டிவிடும்போது அந்த இரண்டு விரல்களுக்கு மட்டும் கூடுதல் கவனம் எடுத்துக்கொண்டாள்.

அவளுடைய தம்பி, அதாவது முதலாளியின் மச்சினன், அதே பட்டறையில்தான் வேலை பார்த்தான். கையில் பிடித்துப் பலகை அறுக்கும் மின்ரம்பத்தில் பற்களை மறைக்க ஒரு மூடி உண்டு. அறுத்து முடித்ததும் ஸ்பிரிங் இழுக்க, தானாக மூடிக்கொள்ளும். மரத்தூள் அடைத்தால் அது முரண்டு பிடிக்கும். துடைத்து வைத்தால் தீர்ந்தது. சோம்பேறித்தனத்துக்கு மருந்து ஏது? முதலாளி மூடியைத் தூக்கி, சின்ன மர ஆப்பு ஒன்றைச் செருகி, திறந்தபடியே நிறுத்தி வேலை பார்ப்பார். "ஒண்ணும் ஆகாது" என்பது அவருடைய மந்திரம். அன்றைக்கு ஆப்பை எடுக்காமல் சாப்பிடப் போனார். மூடி மூடிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் மச்சினன், சுற்று நிற்பதற்கு முன்பே ரம்பத்தை மேஜையில் இறக்கினான். அது துள்ளி அவன் இடக்கையில் ஏறியது. அலறல் கேட்டு ஓடிவந்தவர் முதலில் பிளக்கைப் பிடுங்கினார். அது சரி. அடுத்து ஆப்பைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் மச்சினன் கையைப் பிடித்தார். அதை நினைக்கும்போதெல்லாம் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூசியது.

அறுந்த இரண்டு விரல்களும் மரத்தூளில் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. ரம்பத்தின் மூடியோ ஒழுங்காக மூடியிருந்தது; ஆகவே தப்பு மச்சினனுடையது ஆயிற்று. அவனே அதை நம்பினான். "நான்தான் கவனமில்லாம இருந்துட்டேன் மாமா, உங்களுக்கும் கெட்ட பேரு" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் மன்னிப்பும் கேட்டான். அதற்குப் பிறகு அவன் எந்த மெஷினையும் தொடவில்லை. ஒரு கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கப் போனான். தன் கையையே பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் பெண்டாட்டியை எப்படிப் பார்த்துக்கொள்வான் என்று பேசி வைத்திருந்த பெண் வீட்டாரும் பின்வாங்கினார்கள். மச்சினன் மேல் வைத்த பாசம்தான் முதலாளிக்கு விரலாக வந்தது என்று தெரு முடிவு கட்டி, இப்படியும் ஒரு மனுஷனா என்று மெச்சியது. மெச்ச மெச்ச அவர் கையைத் துண்டுக்குள் ஒளித்தார்.

விரல்கள் மட்டும் ஒளிந்துகொள்ளவில்லை. பிளக்கை எடுக்காமல் பிளேடு மாற்றப் போனால் ஒயரைப் பிடித்து இழுத்தன. தோல் உரிந்த ஒயரைக் கண்டால் சுவிட்சைப் போட விடவில்லை. தினமும் மூடியைத் திறந்து தூசி தட்டின. வருஷங்கள் ஓடின, பட்டறையில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. மற்றப் பட்டறைக்காரர்கள் எல்லாம் கூடி, மெஷின்களைப் பத்திரமாகக் கையாள்வது பற்றி நாலு வார்த்தை பேச அவரையே அழைத்தார்கள். முன்வரிசையில் மச்சினன் உட்கார்ந்திருந்தான்.

பிளக், ஒயர், கண்ணுக்குக் கண்ணாடி என்று நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். மூடியைப் பற்றித் தொடங்கியதும் மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"அவன் மேல தப்பே இல்லைங்க. மூடிக்கு ஆப்பு வச்சது நான். எடுத்து ஒளிச்சதும் நான்."

மச்சினன் எழுந்து வந்தான். அறை விழும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். விழுந்தால் தேவலை என்றுதான் அவருக்கும் இருந்தது. அவன் அவருடைய இடக்கையைப் பிடித்து, கடைசி இரண்டு விரல்களையும் நகத்தால் நன்றாகச் சொறிந்தான்.

"இத்தனை வருஷமா அரிக்குது. பாசத்துல வந்த விரலாச்சேன்னு கேக்கக் கூச்சப்பட்டேன்" என்றான். கையை விட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

இப்போது அவன் வேறொரு பட்டறையில் ரம்பம் பிடிக்கிறான். அவரை மாமா என்று கூப்பிடுவதில்லை. அரிப்பெடுக்கும்போது மட்டும் வருவான். உள்ளே வராமல் வாசலிலேயே நிற்பான். அவர் மெஷினை நிறுத்தி, சுற்று முழுவதும் அடங்கும்வரை காத்திருந்து, பிளக்கை எடுத்துவிட்டுப் போய்க் கையை நீட்டுவார்.