ஸ்ரெல்லா தெளித்த தீர்த்தம்

ஒத்திகையில் ஒழுங்காக வேலை செய்த செயற்கை விரல்கள், திட்டத்துக்குப் பணம் தரும் கொழும்புக் குழுவினர் வந்து உட்கார்ந்தால் மட்டும் என் மானத்தை வாங்கின. அதுவும் இரண்டு முறை! மூன்றாவது முறையும் பிழைத்தால் திட்டத்தை மூடிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் விரல்களைச் செய்த அச்சுப்பொறியையே உதைத்திருப்பேன்.

குருநகர் றஜிந்தன் அண்ணை மீன்பிடி வள்ளத்து எஞ்சினில் வலது கையை இழந்தவர். முன்பு கிடைத்த செயற்கைக் கையால், எவ்வளவு இறுக்குகிறோம் என்று தெரியாமல் பிடித்ததில், மனைவி ஸ்ரெல்லாவின் மணிக்கட்டு கன்றிப்போனது. அதன்பின் அந்தக் கையால் அண்ணை எவரையும் தொடுவதில்லை. அவருக்காகத்தான் முப்பரிமாண அச்சுப்பொறியில் இந்த விரல்நுனிகளைச் செய்தேன். எப்போதும் திரவமாகவே இருக்கும் ஓர் உப்பை ரப்பர் போன்ற மென்மையான பல்பகுதியத்தில் கலந்து, படலம் படலமாக அச்சிடுவேன். விரலை அழுத்தினால் உள்ளே அயனிகளின் ஓட்டம் மாறும். எவ்வளவு இறுக்குகிறார் என்பதை மேற்கையில் கட்டிய பட்டி அதிர்ந்து சொல்லும்.

குழுவின் முன்னால் மட்டும், எதையும் தொடாமலே பட்டி அதிர்ந்தது.

"வாறதுக்கு முதல் கையை என்ன செய்தனீங்கள்?" என்று அண்ணையையும் அவரோடு வந்த ஸ்ரெல்லா அக்காவையும் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்டும் செய்யேல்லை, நதா தங்கச்சி" என்றார் அண்ணை.

ஸ்ரெல்லா அக்கா தயங்கினார். "கோயிலுக்குப் போட்டுத்தான் வந்தனாங்கள். விரலிலை கொஞ்சம் தீர்த்தம் தெளிச்சனான்."

"எவ்வளவு?"

"அரைப் போத்தில்."

விரலுக்குள் இருக்கும் அந்த உப்பு, தண்ணீரைக் கண்டால் விடாது, உறிஞ்சிவிடும்; உறிஞ்சினால் தொடாமலே பட்டி அதிரும். நான் விளக்கியதும் அவர் முகம் வாடிவிட்டது. "இனித் தெளிக்கமாட்டன்."

எனக்கு என் மேல்தான் கோபம் வந்தது. குளிரூட்டிய அறையில் வைத்துச் சோதித்துவிட்டு, தண்ணீருக்குப் பயந்த விரலைக் கடற்றொழிலாளிக்குக் கொடுத்தவள் நான்தானே!

"தெளியுங்கோ அக்கா. நான் பாக்கிறன்."

நீர்புகாத மெல்லிய தோல் ஒன்றையும் சேர்த்து அச்சிட்டேன். மூன்று தோல்கள் உரிந்தன. நான்காவது, ஒரு வாரம் கடல்நீர் வாளிக்குள் கிடந்தும் அசையவில்லை.

குழு வந்த அன்று, எல்லோர் முன்னாலும் ஸ்ரெல்லா அக்காவிடம் சொல்லி முழுப் போத்திலையும் ஊற்றுவித்தேன். விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. பட்டி அசையவில்லை. அண்ணை முட்டையொன்றை எடுத்தார். பட்டி மெல்ல அதிர்ந்தது. முட்டை உடையவில்லை.

"போதும், திட்டம் தொடரட்டும்" என்று அறிக்கையில் எழுதத் தொடங்கினார் குழுத் தலைவர்.

அண்ணை முட்டையை வைத்துவிட்டு, அதே கையால் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்தார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கோ. நோகேல்லை."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அக்கா சொன்னதையும் எழுதுங்கோ" என்றேன் தலைவரிடம்.