இடுப்பளவுக் கடல்

இத்தாலியின் கடற்கரை ஊரான பொட்ஸுவோலியில் அந்த வருடம் தரை மேலே எழும்பிக்கொண்டிருந்தது. கடல் வற்றிவிட்டது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். உள்ளூரில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். அந்த வளைகுடாவின் அடியில் நெருப்பு இருக்கிறது. அது மூச்சை இழுத்தால் ஊர் உயரும், விட்டால் தாழும். ரோமாபுரிக்காரர்கள் கட்டிய துறைமுகம் அப்படித்தான் தண்ணீருக்குள் போனது. சந்தைக்குப் பின்னாலுள்ள சலவைக்கல் தூண்களில் ஆள் உயரத்துக்கும் மேலே சிப்பிகள் துளைத்த ஓட்டைகள் இருப்பதும் அதனால்தான். இப்போது மறுபடியும் உயரும் காலம். உள்துறையில் கட்டியிருந்த படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிட்டன. படித்துறையின் கீழ்ப்படிகள் பாசியோடு வெயிலில் காய்ந்தன.

சவேரியோ இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளித்துறையில் கட்டியிருந்த அவனுடைய படகுக்கு அதுவரை ஒன்றும் ஆகவில்லை. பயணிகளை ஏற்றிக்கொண்டு வளைகுடாவைச் சுற்றிக் காட்டுவது அவன் தொழில். ஒரு கையில் சுக்கான், மறு கையில் ஒலிபெருக்கி. "அந்தா தெரியுதே, அந்த மலை ஒரே வாரத்துல முளைச்சது. இங்க கீழ பாருங்க, சக்கரவர்த்திங்க குளிச்ச மாளிகை, இப்ப மீனுங்க குடியிருக்கு" என்று அவன் சொல்லும்போது கேட்பவர்கள் வாயைப் பிளந்துகொண்டு எட்டிப் பார்ப்பார்கள். ஊரில் எல்லோரும் அவனைக் கேப்டன் என்றே கூப்பிட்டார்கள். ஆகஸ்டில் விண்ணேற்பு மாதா திருவிழாவுக்கு மாதா சொரூபம் கடல்பவனி போவது அவன் படகில்தான். அது அவன் அப்பா காலத்திலிருந்து வந்த மரியாதை.

அந்த வருடத் திருவிழாவன்று படகில் லிபோரியோ சாமியார், செபமாலைச் சபைப் பெண்கள், அவர்களோடு சவேரியோவின் மனைவி நுன்ஸியா. பக்கத்திலேயே பேண்டு வாத்தியக்காரர்களின் படகு. கரையில் சோப்புத் தடவிய கம்பத்தில் ஏறி வழுக்கி விழுந்த இளவட்டங்களைப் பார்த்து ஊரே கத்திக்கொண்டிருந்தது. சவேரியோ படகைப் பழைய ரோமத் துறைச்சுவர் மூழ்கியிருக்கும் பக்கம் திருப்பினான்.

"சுத்திப் போயிடலாமே" என்றாள் நுன்ஸியா. "உள்துறையெல்லாம் மேல வந்துருச்சு. இங்க எப்படி இருக்கோ."

"நுன்ஸியா, நீ செபத்தப் பாரு, படக நான் பாக்கறேன்." ஒலிபெருக்கி வாயருகில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. பெண்கள் சிரித்தார்கள். அவனுக்கு இன்னும் உற்சாகம் ஏறிவிட்டது. "மாதாவுக்கும் ரோம் துறைமுகத்தக் காட்டணும்ல!"

அடுத்த நிமிடம் படகின் வயிற்றில் ஏதோ கடகடவென்று உரசியது. ஒரு குலுக்கல். படகு ஒருக்களித்துச் சாய்ந்தது. பலகை பிளந்து தண்ணீர் உள்ளே பீறிட்டது. பெண்கள் அலறினார்கள். பேண்டுப் படகு அருகே வந்துகொண்டிருந்தது.

சவேரியோ எப்போது குதித்தான் என்று அவனுக்கே தெரியாது. பேண்டுப் படகில் ஊதுகுழல்காரன் ஒருவனுடைய மடியில் கிடந்தபோதுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்தது. "மூழ்குது! மூழ்குது!" என்று கத்தியது தன் குரல்தான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அவன் திரும்பிப் பார்த்தான்.

படகு மூழ்கவில்லை. சாய்ந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து வழுக்கி விழுந்த லிபோரியோ சாமியார் கடலின் நடுவே எழுந்து நின்றார். தண்ணீர் அவருடைய இடுப்புவரைதான் இருந்தது. அவர் ஒரு காலை ஊன்றிப் பார்த்தார், மறு காலையும் ஊன்றிப் பார்த்தார். "கல்லு" என்றார் ஆச்சரியத்தோடு. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். பாவாடைகள் தண்ணீரில் குடை மாதிரி விரிந்தன. நுன்ஸியா மாதாவின் பீடத்துக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தாள், மற்ற மூவர் மறுபக்கங்களைத் தாங்கினார்கள். கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு மாதா கடல்மேல் நிற்பதுபோலத் தெரிந்தது. கோயில் மணியை அடித்தார்கள். அற்புதம் என்று சிலர் முழந்தாளிட்டார்கள்.

பீடத்தின் அடியிலிருந்து நுன்ஸியா பேண்டுப் படகைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். அங்கே உட்கார்ந்திருப்பது யார் என்று அடையாளம் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று வீட்டில் அவன் சொன்னான்: "நான் ஆள் கூப்பிடத்தான் அந்தப் படகுக்குப் போனேன்."

"அப்படியா" என்றாள் நுன்ஸியா. தட்டை அவன் முன்னால் வைத்தாள். அவளுடைய அப்பா சொஸ்ஸியோ, இடுப்பு ஒடிந்து இரண்டு வருடமாக அந்த வீட்டின் மூலைக் கட்டிலில் இருப்பவர், எல்லாம் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வழக்கமாக மருமகனை ஒரு வார்த்தையாவது சீண்டாமல் விடாத மனிதர். அன்று அவரும் பேசாததுதான் சவேரியோவுக்குச் சோற்றை இறங்கவிடாமல் செய்தது.

ஊர் பேசியது. காப்பிக்கடையில் தண்ணீர்த் தம்ளரை அவன் பக்கம் நகர்த்தி, "பாத்து கேப்டன், ஆழம் ஜாஸ்தி" என்றார்கள். முடிதிருத்துகிற கத்தெல்லோ, தலையில் தண்ணீர் தெளிக்கும்முன், "தெளிக்கலாமா, இல்ல எந்திரிச்சு ஓடிடுவியா?" என்று கேட்டான். கடை முழுக்கச் சிரிப்பு. சவேரியோவும் சிரித்தான். சிரிக்காமல் இருந்தால் இன்னும் மோசம். படகைச் செப்பனிட்டு மறுபடி கடலில் இறக்கினான். ஒரு கிழவி ஏறும்போது, "திரும்பி வர்றவரைக்கும் நீயும் கூட இருப்பதான, தம்பி?" என்று நிஜமாகவே கவலையோடு கேட்டாள். அதன்பின் அவன் ஒலிபெருக்கியைத் தொடவில்லை. மலையைக் கடக்கும்போதும் மாளிகையைக் கடக்கும்போதும் பேசாமல் ஓட்டினான். பயணிகள் தாங்களாகவே எதையோ காட்டி எதையோ சொல்லிக்கொண்டார்கள்.

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், நுன்ஸியா அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தாள். சவேரியோ மேசையில் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தான். கீழேயிருந்து லாரி ஒன்று வீட்டுக்குள் ஏறிவருவதுபோல் ஓர் உறுமல். பிறகு தரை குதித்தது.

அவன் தெருவில் நின்றான். காலில் செருப்பில்லை, கையில் ரொட்டிக் கத்தி. எங்கும் சுண்ணாம்புத் தூசி. எதிரே கத்தெல்லோ சவரக் கத்தியோடு நின்றான், பக்கத்தில் பாதி முகத்தில் நுரையோடு ஒரு வாடிக்கையாளர். தெரு முழுக்க ஆட்கள். அழுகிறவர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள். அவனை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும்தான் ஓடிவந்திருந்தார்கள். தரை குதித்தபோது தெருவில்தான் இருந்தேன் என்று சொன்னால் நம்பாமலிருக்க ஒருவருக்கும் காரணமில்லை.

சவேரியோ நிமிர்ந்து தன் வீட்டு மாடியைப் பார்த்தான். மறுபடியும். மூளைக்கு எட்டுவதற்குள் உடம்பு மறுபடியும் அவனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

கத்தியைக் கீழே போட்டுவிட்டு மாடிப்படியில் ஏறினான். சுவர் நெடுக விரிசல். இரண்டாம் மாடியில் கதவு சாத்தியிருந்தது. தள்ளினான், நிலை நெளிந்து இறுகியிருந்தது. உள்ளே நுன்ஸியாவின் குரல்.

"யாரு?"

"நான்தான்."

"நீ போகும்போது கதவ சாத்திட்டுப் போய்ட்ட" என்றாள். "இப்ப தெறக்கமாட்டேங்குது. நானும் இழுத்துப் பாத்துட்டேன்."

இருபது வருடப் பழக்கம். வெளியே போகும்போது இழுத்துச் சாத்தும் கை. அவன் தோளால் மோதினான். பிறகு உதைத்தான். தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு விழுந்தது. கிழவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துக் கதவருகே இழுத்து வந்திருந்தாள் நுன்ஸியா. கூந்தலெல்லாம் காரை.

"நுன்ஸியா, நான்..."

"அப்புறம் பேசலாம். அப்பாவத் தூக்கு."

அவன் குனிந்தான். சொஸ்ஸியோ மருமகனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முதுகில் ஏறினார். "மெதுவா இறங்கு மாப்ள, எனக்கு அவசரமில்ல" என்று காதில் சொன்னார். இரண்டு மாதத்தில் அவர் அவனிடம் பேசிய முதல் வார்த்தை. சவேரியோவுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. படி தெரியாமல், காலால் தடவித் தடவி இறங்கினான்.

சாயங்காலம் ஊரில் பாதி மேட்டுத் திடலில் கூடாரங்களுக்குள் இருந்தது. சொஸ்ஸியோ மடக்குக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கதை சொன்னார். "கதவு இறுகிப்போச்சு. ஒரே உதை! என்னை முதுகுல போட்டுட்டு இறங்கினான் பாரு, சுவரெல்லாம் கொட்டுது, பய அசையல!"

கத்தெல்லோ வந்து சவேரியோவின் தோளைப் பிடித்துக் குலுக்கினான். "கேப்டன்! நான் பேசினதெல்லாம் மறந்துடு. நான் என்னமோ நெனச்சுட்டேன் உன்ன."

கிண்டலெல்லாம் சேர்ந்தும் இந்த ஒரு குலுக்கலுக்கு ஈடாகவில்லை. சவேரியோவின் முகம் எரிந்தது. "இல்லடா, முதல்ல நானும் ஓடித்தான்..." என்று தொடங்கினான்.

"யார்தான் ஓடல!" என்று சிரித்துவிட்டுக் கத்தெல்லோ போய்விட்டான்.

சவேரியோ நுன்ஸியாவைப் பார்க்கத் துணியவில்லை. அப்பா சொல்வதை அவள் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வார்த்தை திருத்தவில்லை. அது மன்னிப்பா, குடும்ப மானமா, அவனுக்கு விளங்கவில்லை. அவள் பொதுச் சமையலிலிருந்து வாங்கிவந்த சூப்புக் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தாள். பக்கத்துக் கட்டிலில் அவனுக்கு இடம்விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆறிப்போகும், குடி" என்றாள். பிறகு, அப்பாவுக்குக் கேட்காத குரலில்: "அடுத்த தடவ ஓடினா, கதவத் தெறந்து வெச்சுட்டு ஓடு."

அவன் தலையாட்டினான். கிண்ணத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், கடைசி வரை குடித்தான்.