சாக்கடைக்குப் போன ஆசிட்

விடியும் முன்பே போல்ட்டுக் கூடையை ஆசிட் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். புகை தொண்டையைக் கீறும். கூடையின் அந்தக் காதை அம்மா பிடிப்பாள், இந்தக் காதை நான். ஓசூரில் வண்டி போல்ட்டுகளுக்கு முலாம் பூசும் பட்டறையில் எங்களுக்கு வேலை. கழிவு ஆசிட்டைச் சுத்திகரித்துத்தான் வெளியே விட வேண்டும் என்பது சட்டம். முதலாளி ராஜசேகர் அதற்கான மெஷினை ஓட்டுவதே இல்லை. "செல்லிக்கா, சாக்கடைல தொறந்து விட்டுடுங்க" என்பார் அம்மாவிடம். எங்களைப் போலவே தெலுங்கு பேசுகிறவர். அந்த 'அக்கா'வுக்காகவே அம்மா வால்வைத் திருப்புவாள்.

இன்று காலை அவள் திருப்பிய நேரத்தில், தெருமுனையில் அடைப்பெடுக்க முனிராஜ் சாக்கடை மூடியைத் திறந்திருந்தார். மாநகராட்சி ஒப்பந்தத் தொழிலாளி. குழியில் ஆசிட் பொங்கி, முழங்கால்வரை வெந்துபோனார். அவர் அலறியது பட்டறைக்குள் கேட்டது.

மதியம் மாசு கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி வந்தார். ராஜசேகர் அம்மாவைக் கைகாட்டினார்.

"இந்தப் பொம்பளதான் சார் திருட்டுத்தனமா தொறந்து விட்டிருக்கு. கேஸ் போடுங்க, நானே சாட்சி."

அம்மாவைக் கூட்டிப் போய்விடுவார்களோ என்று நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். ராஜசேகர் அவள் காதருகே குனிந்தார். "மாட்லாடொத்து அக்கா" என்றார் தெலுங்கில். பேசாதே அக்கா.

அம்மா தமிழில், அதிகாரிக்குக் கேட்கும்படி பதில் சொன்னாள்.

"சார் முன்னால பொம்பள, காதுல அக்காவா? தொறந்தது நாந்தான் சார். தொறக்கச் சொன்னது இவரு. அந்த மெஷினப் போய்ப் பாருங்க, பல்லி முட்ட வெச்சிருக்குது."

யாரோ சிரித்தார்கள். கூட வேலை செய்யும் நாராயணம்மா கையுறையைக் கழற்றினாள். "இவ லீவுன்னா நான் தொறப்பேன் சார்."

"நானும்தான்" என்றது இன்னொரு குரல். பின்னால் ஒருத்தி கன்னடத்தில் "நானூ" என்றாள்.

"அப்ப எல்லாருமே வெளிய போங்க" என்றார் ராஜசேகர். "நாளைக்கே வடக்கத்தி ஆளுங்கள எறக்கறேன்."

"எறக்குங்க" என்றாள் நாராயணம்மா. "அவங்களுக்கும் ஆசிட்டு பட்டா வேகற கால்தான் இருக்குது."

அதிகாரி சாக்கடை நீரைப் பாட்டிலில் மாதிரி எடுத்துக்கொண்டு போனார். ராஜசேகர் எங்களை வெளியே தள்ளிக் கேட்டைப் பூட்டினார்.

எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முனிராஜின் கட்டிலைச் சுற்றி அவர் கூட்டாளிகள் நின்றார்கள்.

"நீதான் தொறந்தியாம்மா?" என்று அம்மாவிடம் கேட்டார் முனிராஜ்.

"ஆமாண்ணா."

அவர் தன் காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். பிறகு கூட்டாளிகளிடம் சொன்னார். "காலைல இவங்களோட பட்டறை கேட்டுல போய் நில்லுங்க. அங்கிருந்து சாக்கடைக்கு வர்ற பைப்ப அடைக்கற வரைக்கும் ஒருத்தரும் மூடியத் தொறக்காதீங்க."

போலீஸ் வருமோ, பட்டறை திறக்குமோ, தெரியவில்லை. எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் திரும்பி வரும்போது, யாரும் சொல்லாமலே, நாராயணம்மாவும் மற்றவர்களும் அம்மாவை நடுவில் வைத்துச் சுற்றி நடந்தார்கள்.